இரண்டாவது சாட்சி

அத்தியாயம் 5

"பதினோரு எறும்பு" என்றாள் பெமிலா.

வடசேரியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது அவளுடைய துப்பறியும் அலுவலகம். ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுற்றுவதா வேண்டாமா என்று யோசிக்கும் ஒரு மின்விசிறி. பத்து வருடம் வக்கீலாக இருந்துவிட்டு, பொய்யை நின்றுகொண்டே கேட்கும் பொறுமை தனக்கு இல்லை என்று தெரிந்ததும் கறுப்புக் கோட்டைக் கழற்றியவள். இப்போது மேசைமேல் பதினோரு தாள்களைச் சீட்டு மாதிரி பரப்பிவைத்திருந்தாள். பதினோரு இணையதளங்களிலிருந்து அச்செடுத்த ஒரே ஆணை.

"எறும்பா? நேத்து இங்கன இருந்து பழம்பொரி தின்னது நீங்கதான் அக்கா. என்னையச் சொல்லக்கூடாது" என்றான் கிளீட்டஸ்.

கிளீட்டஸ் அவளுடைய உதவியாளன். இனயம் என்ற கடற்கரை ஊர்க்காரன். சவுதியில் பன்னிரண்டு வருடம் வண்டி ஓட்டியதாலோ என்னவோ, ஓடாத எதிலும் அவனால் உட்கார முடியாது. காலையிலிருந்து ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"தாளைப் பாரு மக்கா. வலது மூலையிலே, முத்திரைக்கு மேலே."

அவன் குனிந்து பார்த்தான். ஸ்கேன் செய்யும்போது கண்ணாடியில் அகப்பட்டு நசுங்கிய ஒரு சின்ன எறும்பு. பதினோரு தாளிலும் இருந்தது.

"பதினோரு எறும்பும் ஒரே எடத்துல, ஒரே காலைத் தூக்கிட்டா செத்துது?"

"செத்தது ஒண்ணுதான். மத்த பத்தும் திருட்டு. ஒருத்தன் ஏத்தினதை இன்னொருத்தன் எடுத்து, மேலே அவனுக்க பேரை அடிச்சிருக்கான். பேரே அடிக்காத தாள் இதுல ஒண்ணே ஒண்ணு. அதுதான் மூலம்."

மூன்றாவது நாற்காலியில் இருந்த ஜினிஷா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அக்கா, மணி ரெண்டு இருவது. நாலரைக்கு விசாரணை."

ஜினிஷா தக்கலைப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்கு டீச்சர். 2019 ஜூனில் சேர்ந்தாள். ஆறு வருடம் காத்திருந்து, இப்போதுதான் அவளுடைய நியமனத்துக்கு ஒப்புதல் வரும் நேரம். அதே நேரத்தில் பள்ளித் தாளாளர் ரசலையனுக்குத் தம் கொழுந்தியாள் மகள் ஒருத்தி கணக்குப் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருப்பது நினைவுக்கு வந்துவிட்டது. உடனே ஓர் ஆணையைத் தூக்கிக்கொண்டு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போனார். புதிதாக வேலையில் சேரும் ஆசிரியரின் பணியேற்பு அறிக்கையில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், இல்லையேல் பணியேற்பு செல்லாது என்கிறது அந்த ஆணை. ஜினிஷாவின் அறிக்கையில் ஒரு சாட்சிதான்.

"அன்னைக்கு ஸ்டாஃப் ரூம்ல நேசபாய் டீச்சர் மட்டும்தான் இருந்தாங்க" என்றாள் ஜினிஷா, நூறாவது தடவையாக. "இன்னொருத்தரக் கூப்பிடணும்னு எனக்குத் தெரியலைக்கா. ஆறு வருசம் பாடம் எடுத்தது பொய்யா? அந்தப் பிள்ளைங்க பாஸானது பொய்யா?"

பெமிலா இரண்டு நாளாகத் தேடிவிட்டாள். துறையின் சொந்த இணையதளத்தில் இந்த ஆணை இல்லை. 'ஏத்தாம விட்டிருப்பாங்க' என்று ரசலையன் ஒரே வரியில் முடித்துவிட்டார். உள்ளதை உண்டு என்று காட்டலாம். இல்லாததை இல்லை என்று எந்த அலுவலகம் எழுதித் தரும்?

"பேரு அடிக்காத தாள் எந்த இணையதளம்?" என்றான் கிளீட்டஸ்.

"ஆணைக் களஞ்சியம். நடத்துறவரு வைகுண்டராஜன். சுசீந்திரத்துக்காரர். கல்வி அலுவலகத்துல கண்காணிப்பாளரா இருந்து ஓய்வு பெற்றவர். ஜினிஷா, நீ நேரா விசாரணைக்குப் போ. நாங்க வாற வரை வாயைத் திறக்காதே. கையெழுத்தும் போடாதே."

"நீங்க வரலேன்னா?"

பெமிலா அதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

கிளீட்டஸின் பழைய மாருதி கோட்டாறில் போய் நின்றது. முன்னே இரண்டு பேருந்து, ஒரு வைக்கோல் லாரி, அதன் நடுவில் எந்தப் பக்கமும் போகாத ஓர் ஆட்டோ. கிளீட்டஸ் ஹாரனை அமுக்கிப் பார்த்தான். ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"இந்த எடத்துல வண்டி நின்னா எனக்குப் பழைய பாவமெல்லாம் நினைவு வரும்" என்றான் கிளீட்டஸ், சவேரியார் கோயில் பக்கம் பார்த்துச் சிலுவை போட்டபடி.

"இப்ப வேண்டாம். பாவம் நெறைய இருக்கு. நேரம் இல்ல."

"ஒண்ணே ஒண்ணு அக்கா. ரெண்டாயிரத்திப் பதினாலு. சவுதியிலேருந்து லீவுல வந்திருந்தேன். டிசம்பர் மூணு, இங்கன திருவிழா முடியுத நாளு. மாவட்டத்துக்கே லீவு. மவனைத் தோள்ல வச்சுக்கிட்டுப் போயி, ராட்டினத்துல ஏத்தி, மிட்டாய் எல்லாம் வாங்கிக் குடுத்தேன். பத்து நாள் கழிச்சு நன்றிகெட்ட பய என்னைய நாறடிச்சுட்டான்."

"என்ன செய்தான்?"

"அந்த லீவுக்குப் பதிலா ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் உண்டுன்னு கலெக்டர் சொல்லிப்போட்டாரு. ரெண்டாஞ் சனி. பய பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு முன்னால தரையில கெடந்து உருண்டான். வெள்ளச் சட்டை அக்கா! வீட்டுல அவனுக்க அம்மை வெளுத்தது சட்டைய இல்ல, என்னைய."

பெமிலா மடியில் இருந்த தாளைப் புரட்டினாள். ஆணையின் தேதியைப் பார்த்தாள். செல்போனில் நாள்காட்டியைத் திறந்து பதினோரு வருடம் பின்னால் போனாள்.

"வண்டிய நிறுத்து!"

"அது பத்து நிமிசமா நின்னுதான் கெடக்கு."

"பதிமூணு பன்னெண்டு ரெண்டாயிரத்திப் பதினாலு. இந்த ஆணைக்கத் தேதி. சனிக்கிழமை, கிளீட்டஸ். ரெண்டாஞ் சனி. உனக்க மவன் உருண்ட அதே நாளு."

கிளீட்டஸ் தாளைப் பிடுங்கித் தேதியைப் பார்த்தான்.

"சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அன்னைக்கு விடுமுறை" என்றாள் பெமிலா. "நம்ம மாவட்டத்துல மட்டும்தான் ஆபீஸும் பள்ளிக்கூடமும் திறந்திருந்தது. மெட்ராஸ்ல பொய் ஆணை தயாரிச்சவன் சனிக்கிழமையைத் தொடமாட்டான். அன்னைக்கு வேலைநாள்னு நினைக்கது நாஞ்சில் நாட்டுக்காரன் ஒருத்தனாலதான் முடியும்."

"சவேரியாரே துப்புத் தந்துட்டாரு! அப்ப ரசலையன்தான்."

"பொறு. இதை இணையத்துல ஏத்தினது ரெண்டாயிரத்திப் பதினஞ்சு பிப்ரவரி. ஜினிஷா வேலைக்குச் சேர்ந்தது பத்தொம்பதுல."

"நாலு வருசம் முன்னயே கயிறு திரிச்சு வச்சிருக்கான். பின்னால கழுத்து வரும்னு."

"யாருக்கக் கழுத்துன்னு தெரியாமலா?"

ஆட்டோ நகர்ந்தது. கிளீட்டஸ் வண்டியை எடுத்தான். பெமிலா நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தாள். பொய் ஆணை என்று தெரிந்துவிட்டது, அதனால் யாருக்கு லாபம் என்று தெரியவில்லை. லாபமில்லாமல் பொய் சொல்கிறவன்தான் இருப்பதிலேயே ஆபத்தானவன்.

சுசீந்திரத்தில் தெப்பக்குளம் தாண்டி, வயல் தொடங்கும் இடத்தில் வைகுண்டராஜனின் வீடு. நெற்றியில் வெள்ளை நாமம், கையில் முதுகு சொறியும் குச்சி, முன்னறையில் இரண்டு கணினி. மூன்று சுவர் நிறையச் சிவப்புத் துணியில் கட்டிய காகிதக் கட்டுகள், ஒவ்வொன்றிலும் மாதமும் வருடமும் எழுதிய சீட்டு. உள்ளறையில் அவருடைய மகள் அஸ்வதி காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தாள். அவளும் டீச்சர்தான், குழந்தைக்காக லீவில் இருக்கிறாள்.

"வாருங்கோ, இருங்கோ. எந்தப் பள்ளிக்கூடம்? ஊதிய உயர்வா, பணி வரன்முறையா?" என்றார் வைகுண்டராஜன். இந்த வீட்டுக்கு வருகிறவர்களுக்கு வேறு கவலை இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"எறும்பு விசயமா வந்தோம்" என்றான் கிளீட்டஸ்.

பெமிலா தாளை நீட்டினாள். "ரெண்டு சாட்சி ஆணை."

"அது சரியான ஆணைதான்."

"நீங்க இன்னும் தாளைப் பாக்கவே இல்லையே அய்யா."

பெரியவர் குச்சியைக் கீழே வைத்தார். "நான் ஏத்தினதுல தப்பு இருக்காது. பதினாறு வருசமா நடத்துகேன். கேரளா பார்டர்லேருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் எந்த ஹெட்மாஸ்டரைக் கேட்டாலும் சொல்லுவாரு."

"அசல் உண்டுமா?"

"எல்லாத்துக்கும் அசல் உண்டு."

பெமிலா சுவரோரம் நடந்து, 2014 டிசம்பர் என்ற கட்டை இழுத்தாள். அவர் தடுப்பதற்குள் முடிச்சு அவிழ்ந்தது. பத்தாம் தேதி, பதினொன்று, பன்னிரண்டு. அடுத்தது பதினைந்து.

"அது... கரையான் தின்னுட்டு."

"பதிமூணை மட்டுமா?" என்றான் கிளீட்டஸ். "தேதி பாத்துத் தின்னுக கரையானா? உங்க வீட்டுல கரையானும் கிளார்க்கு வேலை பாக்கும் போல."

வைகுண்டராஜனின் முகம் சிவந்தது. "வெளிய போங்கோ. கோர்ட்டுல போயி கேளுங்கோ."

மணி மூன்று பத்து. கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்பு வருவதற்குள் கொழுந்தியாள் மகள் ஓய்வே பெற்றுவிடுவாள். பெமிலா கட்டை மறுபடி புரட்டினாள்.

அப்போது அஸ்வதி குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். "எந்த ஆணைப்பா? பணியேற்புக்கு ரெண்டு சாட்சியா?"

"நீ உள்ள போ மக்களே."

"இல்லப்பா, எனக்கு ஒண்ணுதானே போட்டோம்? பதினேழுல நான் சேரும்போது நீங்கதானே எழுதித் தந்திய. ஹெட்மாஸ்டர் ரெண்டு வேணும்னு சொன்னாரு. நீங்கதான் 'ஒண்ணு போதும், ஏதாவது கேள்வி வந்தா நான் பாத்துக்கிடுகேன்'னு சொன்னிய."

குழந்தை சிணுங்கியது.

பெமிலா மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "ஊருக்கெல்லாம் ரெண்டு. சொந்த மகளுக்கு ஒண்ணு. இந்த ஆணைக்கு உயிரே கிடையாதுன்னு இந்த உலகத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும் அய்யா. அதைப் பெத்தவருக்கு."

வைகுண்டராஜன் மகளைப் பார்த்தார். பிறகு கட்டைப் பார்த்தார். அவிழ்ந்த முடிச்சைத் திரும்பக் கட்ட முயன்றார்.

"கள்ளனுவளுக்கு வச்ச பொறி அது" என்றார். "ஒவ்வொரு ஆணையா தேடிப் பிடிச்சு, ராவும் பகலும் ஸ்கேன் பண்ணி ஏத்துவேன். மறுநாளு பத்துப் பேரு எடுத்து அவனவன் பேரை அடிச்சுப் போடுவான். கேட்டா, 'எங்களுக்கு நேரா சென்னையிலேருந்து வந்தது'ம்பான். எனக்கு ஆத்திரம் தாங்கல. உலகத்துல இல்லாத ஆணை ஒண்ணு செய்தேன். யாருக்கும் கெடுதல் வராத ஆணையா யோசிச்சு யோசிச்சுச் செய்தேன். ஒரு கையெழுத்துக்குப் பதில் ரெண்டு. இதுல என்ன போச்சு? அவனுவ எடுத்துப் போட்டதும், 'பாத்தியளாலே, கள்ளனுவளா'ன்னு எழுதணும்னு இருந்தேன்."

"ஏன் எழுதல?"

"போட்ட மூணாம் நாளே ஒரு ஹெட்மாஸ்டர் போன் பண்ணினாரு. 'அருமையான ஆணை சார், இனிமே ஒழுங்கு வரும்'னாரு. ஒரு மாசத்துல ஊரெல்லாம் ரெண்டு கையெழுத்து. எலிக்கு வச்ச பொறியில ஊரே விழுந்துட்டு. எந்த வாயால சொல்லுவேன்?"

"தேதிய எப்படிப் பிடிச்சிய?"

அவர் மேசை அறையிலிருந்து ஒரு பழைய அலுவலக டைரியை எடுத்தார். அந்த நாட்களில் அவர் பணியில்தான் இருந்தார். "உண்மையான ஆணை எதோடயும் முட்டக்கூடாது இல்லியா? அதுக்காக டைரியைப் பாத்தேன். நான் ஆபீஸ் போன நாளு, ஆனா சென்னையிலேருந்து ஒரு கடுதாசிகூட வராத நாளு. அந்த மாசத்துல அப்படி ஒரே ஒரு நாளு. பாருங்கோ, 'சென்னைத் தகவல் ஏதுமில்லை'ன்னு எழுதியிருக்கேன்."

"ஏன் வரலன்னு யோசிச்சியளா?"

பெமிலா திருவிழாவையும் இரண்டாம் சனியையும் சொன்னாள். முப்பத்திரண்டு வருடம் தேதி போட்டே வாழ்ந்த மனிதர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னதைவிடத் தேதியில் தவறிவிட்டதுதான் அவரை அதிகம் சுட்டது போலிருந்தது.

"அக்கா, மூணரை" என்றான் கிளீட்டஸ். அவன் கால் வாசலுக்கு வெளியே இருந்தது.

பெமிலா ஜினிஷாவின் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். ஆறு வருடம், ஒரு கையெழுத்து, நாலரை மணி. "நீங்க வந்து சொல்லணும் அய்யா."

"சொன்னா நான் என்ன ஆவேன்? அரசாங்க ஆணையை உண்டாக்கினவன்னு கேஸ் வரும். அது போவட்டும். நான் ஏத்தின மத்த ஆணையெல்லாமும் பொய்யின்னு சொல்லுவானுவ. பதினாறு வருசம் அம்மா!" பெமிலாவுக்கு அவர்மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

அஸ்வதி குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். "அப்பா, எனக்கு ஒரு சாட்சி செல்லும்னா அவளுக்கும் செல்லணும். இல்லேன்னா லீவு முடிஞ்சு நானும் பள்ளிக்கூடம் போகல. அவ்வளவுதான்."

வைகுண்டராஜன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். பழக்கம் விடுமா, இடதுபக்கம் மடித்து ஓரம் விட்டு, 'அனுப்புநர்' என்று எழுதத் தொடங்கினார். எழுதி முடித்ததும் அஸ்வதி குழந்தையை இறக்காமலே குனிந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும்போது கிளீட்டஸ் ஓட்டிய ஓட்டத்தைப் பற்றிப் போக்குவரத்துப் போலீசார் படிக்க நேரலாம் என்பதால் இங்கே எழுதவில்லை. நாலு நாற்பதுக்கு வைகுண்டராஜனோடு கல்வி அலுவலகப் படியில் இருந்தார்கள்.

உள்ளே அலுவலர் அம்மாள் பேனாவின் மூடியைத் திறந்திருந்தார். எதிரே ரசலையன், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில், சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜினிஷா நின்றுகொண்டிருந்தாள். கதவு திறந்ததும் அவள் திரும்பிய வேகத்தில் நாற்காலி சரிந்தது.

"இந்த ஆணையைச் சென்னையிலே கேட்டு மூணு வாரம் ஆச்சு, பதிலே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தார் அலுவலர். "அதனால கையிலே இருக்கறதை வச்சுத்தான் நான்..."

"பதில் வராது அம்மா. அதை எழுதினவரு சென்னையில இல்ல, இங்க இருக்காரு" என்றாள் பெமிலா.

வைகுண்டராஜன் முன்னே வந்து தம் கடிதத்தை வைத்தார். பக்கத்தில் டைரியைத் திறந்துவைத்தார். அலுவலர் ஒருமுறை படித்தார். நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மறுபடி படித்தார். பிறகு நாள்காட்டியை எடுத்து அந்தச் சனிக்கிழமையைத் தாமே சரிபார்த்தார்.

ரசலையன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். "இதெப்படி ஒத்துக்கிட முடியும்? கடுதாசில பாருங்க, ஒரு சாட்சிதான் கையெழுத்துப் போட்டிருக்கு. அதுவும் சொந்த மவ!"

"ஒண்ணு போதும்" என்றார் அலுவலர். "ரெண்டு வேணும்னு எந்த ஆணையும் இல்லைன்னு இப்பத்தானே தெரிஞ்சுது?"

அவர் ஜினிஷாவிடம் விளக்கம் கேட்டு அனுப்பியிருந்த நோட்டீசின் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு வைகுண்டராஜனிடம், "உங்களைப் பத்தி நான் மேலே எழுதித்தான் ஆகணும் சார்" என்றார் மெதுவாக.

"எழுதுங்கோ. தேதியை மட்டும் பாத்துப் போடுங்கோ."

ஜினிஷா அழுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் கேட்டது வேறு. "நாளைக்குப் பத்தாங்கிளாஸுக்குப் பரீட்சை வச்சிருக்கேன் மேடம். நான் போகலாம்லா?"

"போங்க டீச்சர்" என்றார் அலுவலர். டீச்சர் என்ற சொல்லைக் கேட்டபிறகுதான் அவள் அழுதாள்.

எதிர்ச் சாயாக்கடையில் வைகுண்டராஜன் தம் கடிதத்தைப் படமெடுத்து ஆணைக் களஞ்சியத்தின் முதல் பக்கத்தில் ஏற்றினார். 'இந்த ஆணையைத் தயாரித்தது நானே. இது பொய். யாரும் பின்பற்ற வேண்டாம்.' சாயா ஆறிக்கொண்டிருந்தது. அவர் தொடவில்லை.

"நான் எடுத்தா மட்டும் போதாது. மத்த பத்து எடத்துலயும் அது கெடக்கும். இன்னொரு பிள்ளைக்கக் கழுத்துல விழும்." செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார். "திருடுங்கலே. ஒரு தடவை இதையும் திருடுங்கலே."

கிளீட்டஸ் ஒவ்வொரு தளமாகத் திறந்து திறந்து பார்த்தான். ஐந்து நிமிடத்தில் ஒன்று. பத்து நிமிடத்தில் நான்கு. ஜினிஷா விரல்விட்டு எண்ணினாள். இரண்டாவது சாயா வருவதற்குள் ஒன்பது.

"பத்தாவதும் வந்தாச்சு!" என்றான் கிளீட்டஸ். பிறகு செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். தோள் குலுங்கியது.

"என்னலே?" என்றாள் பெமிலா.

"இந்தப் பய வழக்கம்போல அய்யாவுக்க பேரை வெள்ளையடிச்சுட்டு, குறுக்கால அவனுக்க பேரைப் பெரிசா அடிச்சுப் போட்டிருக்கான். 'இந்த ஆணையைத் தயாரித்தது நானே'ன்னு, கீழே அவனுக்க போன் நம்பரும் உண்டு. குற்றத்தையும் திருடிட்டான் அக்கா!"

வைகுண்டராஜன் செல்போனை வாங்கிப் பார்த்தார். பதினோரு வருடத்துக்கு முன் வைத்த பொறி. ஆறிப்போன சாயாவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.